வேலையில்லாத மாதத்துக்கும் ஒரு ரிட்டன்

சும்மா இருந்த மாதத்துக்கும், சும்மாதான் இருந்தேன் என்று அரசாங்கத்துக்கு எழுதிக்கொடுக்க வேண்டும். பரமக்குடிப் பக்கத்திலிருந்து நெய்வேலிக்குப் பிழைக்க வந்த எனக்கு இது அறுபது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. நம் ஊரில் மழை இல்லையென்றால் விதைக்க மாட்டோம். விதைக்கவில்லை என்று யாரிடமும் போய்ச் சொல்லவும் மாட்டோம்.

சுரங்கத்தில் கரி ஓடும் பெல்ட் அறுந்தால் ஒட்டுவது என் வேலை. முப்பது வருடமும் கான்ட்ராக்ட்தான். வயதாகிவிட்டதென்று கேட் பாஸ் நின்றதும், அரிசி ஆலைகளுக்குப் பெல்ட் ஒட்டித்தரச் சொந்தமாகக் கிளம்பினேன். ஜிஎஸ்டி பில் கொடுத்தால் வருடம் முழுக்க வேலை தருவதாகக் குறிஞ்சிப்பாடி ஆலைக்காரர் சொன்னார். அங்கே கணக்கு எழுதும் சுமதி எனக்கு நம்பர் வாங்கிக் கொடுத்தது. அப்புறம் மழை, அது விட்டதும் முழங்கால் வீக்கம். அரை வருடம் ஒரு வேலையும் இல்லை. சுமதி போன் செய்தபோதெல்லாம், வேலை இல்லை, கணக்கும் இல்லை என்று வைத்துவிட்டேன். ஆலைக்காரர் கூப்பிட்ட வாரம்தான் நம்பரை ரத்து செய்யப்போவதாக நோட்டீஸ் வந்தது. நம்பர் போனால் ஆலையும் போச்சு. நோட்டீஸோடு சுமதியிடம் போய் நின்றேன்.

“வேல இல்லன்னாலும் இல்லன்னு ரிட்டன் போட்டுகினே இருக்கணுங்க. அத சொல்லத்தான் போன் பண்ணிகினு இருந்தேன்.”

“செய்யாத வேலைக்கு எப்படித்தா கையெழுத்துப் போடுறது? மாட்டிக்கிட மாட்டேனா?”

“பெரியவரே, போடலன்னாத்தாங்க மாட்டுவீங்க.”

என் பயம் சுமதிக்குப் புரியவில்லை. முத்துவின் கதையைச் சொன்னேன். நான் வந்த புதிதில் என் அறையில் தங்கியிருந்தவன். ஊருக்குப் போன தம்பிக்காக வேலைக்கு வந்தவர்களைப் பதியும் மஸ்டர் நோட்டில் கைநாட்டு வைத்தான். அன்றைக்கே வெளியே அனுப்பிவிட்டார்கள். மந்தாரக்குப்பத்தில் டிரங்குப் பெட்டியோடு பஸ் ஏற்றிவிட்டேன். வாங்கிக் கொடுத்த புரோட்டாவை அவன் தொடவே இல்லை. அன்றிலிருந்து உழைக்காத நாளுக்கு எந்தக் காகிதத்திலும் நான் கை வைத்ததில்லை.

சுமதி நோட்டீஸைத் தட்டிக் காட்டியது. “அது வந்தேன்னு போடுற நோட்டுங்க. இது வரலன்னு போடுறது.”

அபராதத்தைக் கட்டி, விட்ட மாதம் எல்லாவற்றையும் அன்றே போட்டோம். நம்பர் பிழைத்தது. வேலை இல்லாத மாதத்தை இனி நானே சொல்லிக்கொள்கிறேன் என்றேன்.

“மெசேஜ்லயே அனுப்பலாம். ஆனா இங்கிலீஷுங்க.”

“டவுன்ஷிப் பஸ்ல பிளாக் நம்பரப் பாத்துப் பாத்தே ஏறி எறங்குனவன்தா நான். எழுதிக் குடு.”

ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்தது. ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டுத் தட்டுவேன்.

ரேஷன் கார்டில் இன்னமும் நம் ஊர் விலாசம்தான். நெய்வேலி விலாசம் போட்ட ஒரே காகிதம் அந்த ஜிஎஸ்டி சான்றிதழ். பங்குனிப் பொங்கலுக்கு நம் ஊருக்கு வந்திருந்தபோது, கண்மாய்க் கரையில் நின்று போனில் என்ன நோண்டுகிறாய் என்று ஊர்க்காரர்கள் நீங்கள் கேட்டீர்கள். நெய்வேலியில் எனக்குப் போன மாதம் வேலை இல்லை, ஆனாலும் அங்கேதான் இருக்கிறேன் என்று சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தேன். காலில் நம் கண்மாய்ச் சேறு ஈரம் காயாமல் இருந்தது.