அலங்காநல்லூர்ப் பக்கம் பச்சை பார்க்கப் போனோம்

சென்னையில் ஓர் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோக்கிறவன் நான். ஊர் சுற்றி வந்தவர்கள் எழுதி அனுப்பும் ‘கண்ணுக்கெட்டிய தூரம் பச்சைப் பசேல்’ என்ற வரியை எத்தனை தடவை ஈய எழுத்தில் கோத்திருப்பேனோ, கணக்கில்லை. கண் பூத்துப் போனதுதான் மிச்சம். “லீவு போட்டுவிட்டு எங்கேயாவது போய்ப் பச்சையைப் பாருமய்யா” என்றார் டாக்டர். என் மனைவி செல்லம் சென்னையிலேயே பிறந்தவள். நெல்லை மூட்டையில்தான் பார்த்திருக்கிறாள். செத்துப்போன என் அம்மா நாற்று நட்ட வயலை அவளுக்கு ஒருமுறை காட்டிவிட வேண்டும் என்று எனக்கும் வெகுநாள் ஆசை. கிறிஸ்துமஸ் விடுமுறையில் ரயிலேறினோம்.

காலை ஏழு மணிக்கு மதுரை. நல்ல பனி. ஸ்டேஷனுக்கு எதிரே காபி கிளப்பில் இட்லி சாப்பிட்டோம். கோட்டும் பூட்ஸும் போட்டிருந்த என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கோரிப்பாளையத்தில் அலங்காநல்லூர் பஸ் நின்றது. ஆளுக்கு மூன்றணா.

“அண்ணே, அம்மாவோட முன்னால வந்து உக்காருங்க. பின்னாடி தூக்கித் தூக்கிப் போடும்” என்றார் கண்டக்டர். எங்கே இறங்க வேண்டும் என்று சொன்னதும், “அங்க வயக்காடுதான இருக்கு? என்னண்ணே பண்ணப் போறீக?” என்றார்.

“பச்சையைப் பார்க்கப் போகிறோம்.”

“அதுக்கா இம்புட்டுத் தூரம்? அதத்தான எங்க ஊரு மாடு தெனம் பாக்குது!”

பஸ்ஸே சிரித்தது. நாங்களும் சிரித்தோம்.

அலங்காநல்லூருக்கு முன்பே இறங்கிவிட்டோம். ஊர்ப் பெயர் வேண்டாம். வாய்க்கால் நிறையப் பெரியாற்றுத் தண்ணீர். இரண்டு பக்கமும் மார்கழிப் பயிர், முழங்கால் உயரம். பனி காயாத தாளெல்லாம் வெயிலில் மின்னியது. பொய் சொல்லவில்லை, இத்தனை வருஷம் நான் கோத்த வரிகளில் இதில் கால்வாசிகூட இல்லை. செல்லம் வரப்பில் குந்தி, குழந்தை தலையைத் தடவுவதுபோலப் பயிரைத் தடவிக்கொண்டிருந்தாள்.

மடையில் நின்ற பெரியவர் எங்களைப் பார்த்ததும் தோள் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். வயல் அவருடையது.

“வாங்க, வாங்க. கவர்மெண்டு ஆளுகளா?”

“இல்லை, சென்னையிலிருந்து வயலைப் பார்க்க வந்தோம்.”

“எம்புட்டுத் தூரத்துலருந்து வந்திருக்கீக! நல்லாப் பாருங்க” என்றவர், கிணற்றுக் கொட்டகையிலிருந்து பித்தளைச் செம்பில் மோர் கொண்டுவரச் சொன்னார். இருவரும் குடித்தோம். அந்தச் சந்தோஷத்தில் செல்லம் வாயை விட்டுவிட்டாள்.

“இது இவங்க அம்மா நாத்து நட்ட வயலுங்க. அதைக் காட்டத்தான் என்னைக் கூட்டியாந்தாங்க.”

பெரியவர் என்னைப் பார்த்தார். “ஒங்க அம்மா பேரு?”

“மாயக்கா.”

“சேரி மாயக்காவா? அவ மகனா நீ?”

துண்டு மறுபடி தோளுக்குப் போயிற்று. அவர் கோபப்படவில்லை. நிதானமாகவே சொன்னார்.

“பூட்சக் கழட்டிக் கையில எடுத்துக்க. வரப்ப விட்டு எறங்கி, ரெண்டு பேரும் வாய்க்காலோட போங்க. ஒங்காத்தா இருந்தா அவளும் இதத்தான் சொல்லியிருப்பா.”

சுருக்கென்றது. திருப்பிக் கேட்க நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் களை பறித்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து எங்களையே பார்த்தார்கள். எல்லாம் எங்கள் சேரி ஜனம். எனக்குச் சித்தி, அத்தை முறை. நான் வாயாடிவிட்டுப் பஸ் ஏறிவிடுவேன். நாளைக்கும் அவர் வயலில் குனிய வேண்டியவர்கள் அவர்கள். பூட்ஸைக் கழற்றினேன். செல்லமும் செருப்பைக் கழற்றினாள். வாய்க்காலில் இறங்கினோம். ஆசையாகக் கட்டி வந்த பட்டுப்புடவை முழங்கால்வரை நனைந்தது.

பின்னால் அவர் குரல் கேட்டது: “அந்தச் செம்ப நெருப்புல போட்டு எடுங்கப்பா.”

என் அம்மா கை நட்ட நெல்லைத்தான் அந்த மனிதர் ஆயுசுக்கும் சாப்பிட்டிருக்கிறார். அந்தச் சோற்றை எந்த நெருப்பில் போட்டு எடுத்தாரோ!

சென்னையில் எங்கள் வீடு ஒற்றை அறை. ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவரும் புகைக்கூண்டும். புல் முளைக்காத தெரு அது. ஆனால் அங்கே நான் பூட்ஸோடு நடக்கிறேன்.

மறுநாள் காலை பாசஞ்சர் வண்டியில் திரும்பினோம். சமயநல்லூர் தாண்டியதும் இரண்டு பக்கமும் அதே பச்சை. செல்லம் ஜன்னல் பலகையை இறக்கி மூடிவிட்டாள். “வேணாம்” என்றாள்.

டிக்கெட் பரிசோதகர் வந்தார். நீட்டினேன். துளை போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த பெஞ்சுக்குப் போனார்.

“அவ்வளவுதானா? வேற ஒண்ணும் கேக்கலையா?” என்றாள் செல்லம்.

“ரயிலில் டிக்கெட் மட்டும்தான் கேட்பார்கள்.”

செல்லம் டிக்கெட்டை வாங்கி அந்தத் துளையைப் பார்த்தாள். பிறகு எழுந்து, ஜன்னல் பலகையைத் தூக்கினாள்.