நாலு மணிக்கு என்ன செய்வது

1. இருபது நிமிடத்தில் எழுந்து போனவர்

உளவளத்துணையாளராக நான் சந்தித்த முதல் ஆள் இருபதாவது நிமிடத்தில் எழுந்து போய்விட்டார்.

அதற்கு முன் பதினெட்டு வருடம் வார்ட் நர்ஸாக இருந்தேன். வேலையை விட்டு டிப்ளோமா படித்து, கொட்டாஞ்சேனையில் ஒரு தொண்டு நிறுவனத்தின் மேல்மாடியில் இருந்த போதை மீட்பு நிலையத்தில் சேர்ந்தபோது எனக்கு நாற்பத்திரண்டு வயது. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு ஃபேன். அதுதான் கவுன்சிலிங் அறை.

வந்தவரை இங்கே றெஜி என்று சொல்கிறேன். இதில் வரும் எல்லோருடைய பெயரையும் மாற்றியிருக்கிறேன். எழுதுவதற்கு அவரும் அவர் மனைவியும் சம்மதம் தந்திருக்கிறார்கள். றெஜி முகத்துவாரத்துக்காரர், லிஃப்ட் டெக்னீஷியன். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் எழும்பியிருக்கும் மாடிக்குடியிருப்புகளில் லிஃப்ட் பராமரிப்பது அவர் வேலை. இரண்டு வருடமாகத் தூள் எடுத்தார். தூள் என்றால் ஹெரோயின். கம்பனி கண்டுபிடித்துவிட்டது. சிகிச்சை எடுத்துக்கொண்டு கடிதத்தோடு வந்தால் வேலை, இல்லாவிட்டால் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். வைத்தியசாலையில் உடம்பிலிருந்து போதையை இறக்கும் பத்து நாள் டிடொக்ஸ் முடித்துவிட்டு நேராக எங்களிடம் வந்திருந்தார்.

நான் நர்ஸ் அல்லவா? ஈரல், நுரையீரல், நரம்பு என்று ஒவ்வொன்றாக விளக்கினேன். படமும் காட்டினேன். அவர் பொறுமையாகத்தான் கேட்டார். பிறகு சொன்னார்.

"மிஸ், இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிஞ்சும்தான் எடுக்கிறன். ஏன் அப்பிடிச் செய்யிறன் எண்டு உங்களுக்குத் தெரிஞ்சாச் சொல்லுங்க."

எனக்குத் தெரியவில்லை. மறுபடியும் ஈரல் படத்தைக் கையில் எடுத்தேன். அவர் எழுந்து, கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போய்விட்டார்.

2. ஒவ்வொரு மணியாகக் கேட்பது

எங்கள் நிலையத்தின் மேற்பார்வையாளர் ஃபஸீனா. உளவியல் படித்தவர், என்னைவிடப் பதினொரு வயது இளையவர். நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவுமில்லை, ஆறுதல் சொல்லவுமில்லை.

"அவர் நல்ல கேள்விதானே கேட்டிருக்கார் அக்கா. அந்தக் கேள்வியையே அவர்ட்டத் திருப்பிக் குடுங்க. ஆனா ஏன் எண்டு கேக்க வேணாம். எப்ப, எங்க, அதுக்கு முன்னால என்ன நடந்த எண்டு கேளுங்க. ஒவ்வொரு மணியாக் கேளுங்க."

றெஜியின் மனைவி மெட்டில்டாவுக்கு ஃபோன் எடுத்தேன். அவர் ஹெந்தளையில் ஒரு ஆடைத் தொழிற்சாலையில் சுப்பர்வைசர். அவர்களுக்கு இரண்டு வயதில் ஒரு மகள். "வருவார் மிஸ். கடிதம் வேணுமே" என்றார். வந்தார். இந்த முறை நான் படங்களை எடுக்கவில்லை. ஒரு வெள்ளைத் தாளை அவர் பக்கம் தள்ளி, கடைசியாக எடுத்த நாளைக் காலையிலிருந்து எழுதச் சொன்னேன்.

எங்கள் தொழிலில் இதைச் சங்கிலி எழுதுதல் என்போம். போதை எடுக்கும் கணம் சங்கிலியின் கடைசி வளையம். அதற்கு முந்திய வளையங்களைக் கண்டுபிடித்தால் எங்கே அறுக்கலாம் என்று பார்க்க முடியும்.

நாலைந்து கிழமை எழுதினோம். ஒவ்வொரு தாளிலும் பின்னேரம் நாலு மணி வந்தது. நாலு மணிக்கு வேலை முடியும். பராமரிப்புக்காக நிறுத்திய லிஃப்டுக்கு மெயின் சுவிட்சைப் போட்டு, ஓடவிட்டுப் பார்த்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்புவார். பஸ்ஸில் கொழும்புக் கோட்டை வரை வருவார். வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு ஒழுங்கை, குறுகிய சந்து. அங்கே தூள் கிடைக்கும்.

"சுவிட்சைப் போடுற நேரம் உடம்பு எப்பிடி இருக்கும்?" என்று கேட்டேன்.

அவர் தன் வலது கையைப் பார்த்தார். "நடுங்கும்."

"எப்ப தொடக்கம்?"

அவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். வற்புறுத்தாமல் இருப்பது நான் கற்ற புதிய வேலை. அடுத்த கிழமைதான் சொன்னார்.

3. சுனில்

சுனில் என்று ஒரு சிங்கள நண்பர். றெஜிக்கு வேலை பழக்கியவரும் அவர்தான், ஏழு வருடம் அவரோடு சோடியாக வேலை செய்தவரும் அவர்தான். லிஃப்ட் குழிக்குள் ஒருவர் இறங்கினால் மெயின் சுவிட்சை நிறுத்தி அதற்குப் பூட்டுப் போட வேண்டும். சாவி குழிக்குள் இருப்பவரிடம் இருக்க வேண்டும். அன்று சுனில் பூட்டுப் போடவில்லை. சின்ன வேலைதானே என்று நினைத்திருப்பார். தேநீர் குடிக்கப் போன றெஜி திரும்பி வந்து, வேலை முடிந்துவிட்டது என்று எண்ணி, கூப்பிட்டுக் கேட்காமலே சுவிட்சைப் போட்டுவிட்டார்.

சுனிலின் கால் நசுங்கியது. உயிர் தப்பியது, முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டி வந்தது.

விசாரணையில் றெஜி சொன்னார், கரண்ட் போய்த் தானாக வந்தது என்று. பூட்டுப் போடாத குற்றம் சுனிலின் மேல் எழுதப்பட்டது. சுனிலை வேலையிலிருந்து நிறுத்தி வீட்டுக்கு அனுப்பினார்கள். றெஜி ஒரு முறைகூட அவரைப் போய்ப் பார்க்கவில்லை.

"மூணு மாசம் நித்திரை இல்ல மிஸ். ஒருத்தன் தந்தான், அடிச்சனான். அண்டைக்குத்தான் நித்திரை வந்திச்சு."

அவர் முதல் நாள் கேட்ட கேள்விக்குப் பதில் அவர் வாயிலிருந்தே வந்தது. மன்னிக்கிறேன் என்றோ பரவாயில்லை என்றோ நான் சொல்லவில்லை. அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. "இதை இனி என்ன செய்ய விரும்புறீங்க?" என்று மட்டும் கேட்டேன்.

"அவரைப் போய்ப் பாக்க வேணும். தனியப் போக ஏலா."

ஃபஸீனாவிடம் அனுமதி கேட்டேன். சுனிலுக்கு முதலில் ஃபோன் எடுத்து விருப்பமா என்று கேட்க வேண்டும், நான் பேசக்கூடாது, கூட இருக்க மட்டும் வேண்டும் என்ற நிபந்தனையோடு விட்டார்.

4. களனியில் ஒரு பின்னேரம்

சுனில் களனியில் வீட்டு முன்னறையில் ஃபேன், ஸ்திரிப்பெட்டி திருத்தும் சின்னக் கடை வைத்திருந்தார். செயற்கைக் காலைக் கழற்றிப் பக்கத்தில் சாய்த்துவிட்டு வேலை செய்துகொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் அதை மாட்டப் போனார், பிறகு விட்டுவிட்டார்.

றெஜி நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். சிங்களத்தில்தான். ஒரு வசனத்தையும் பூசி மெழுகவில்லை. சுவிட்சைப் போட்டது நான், பொய் சொன்னது நான், பழி உங்கள் மேல் விழுந்தபோது வாயை மூடிக்கொண்டு இருந்தது நான்.

சுனில் கையிலிருந்த ஸ்குரூட்றைவரைக் கீழே வைத்தார். அவர் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன், 'மல்லி' என்றால் தம்பி.

"எனக்குத் தெரியும் மல்லி. குழிக்குள்ள இருந்து உன்ட சப்பாத்துச் சத்தம் கேட்டனான். பூட்டுப் போடாதது என்ட பிழை, கேக்காமப் போட்டது உன்ட பிழை. அது விபத்து. ஆனா மூணு மாசம் ஆஸ்பத்திரியில கிடந்தன். நீ வருவாய் வருவாய் எண்டு ஒவ்வொரு நாளும் வாசலைப் பாத்தன். அதுதான் பொறுக்க ஏலாமப் போச்சு."

றெஜி அழுதார். சுனிலின் மனைவி பிளேன்டீ கொண்டுவந்து வைத்தார். புறப்படும்போது சுனில், "மற்றக் கிழமையும் வா, வேலை நிறையக் கிடக்கு" என்றார்.

பஸ்ஸில் வரும்போது எனக்குள் பெருமை பொங்கியது என்பதை மறைக்கமாட்டேன். வேரைக் கண்டுபிடித்தோம், பிடுங்கிவிட்டோம், கேஸ் முடிந்தது என்று நினைத்தேன்.

5. ஒன்பதாவது நாள்

களனிக்குப் போய் வந்த ஒன்பதாவது நாள் பின்னேரம் ஆறு மணிக்கு மெட்டில்டாவிடமிருந்து ஃபோன். வீட்டுத் தரையில் றெஜி கிடக்கிறார், மூச்சு மெல்லமாகத்தான் வருகிறது.

இந்த இடத்தில் இளைய உளவளத்துணையாளர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. கொஞ்சக் காலம் விட்டிருந்தவர் மறுபடி எடுக்கும்போதுதான் ஆபத்து அதிகம். உடம்பு பழைய அளவைத் தாங்காது. குடும்பத்தோடு வைத்த அமர்வில் இதை மெட்டில்டாவுக்குச் சொல்லியிருந்தோம். மீண்டும் எடுத்தால் என்ன செய்வது என்று அப்போதே பேச, அவர் கோபப்பட்டார். "திரும்ப எடுப்பார் எண்டு நீங்களே சொல்றீங்களா மிஸ்?" என்று கேட்டார். ஆனாலும் கேட்டு வைத்திருந்தார். அதனால் அன்று அக்கம்பக்கத்துக்கு வெட்கப்பட்டுக் கதவைச் சாத்தவில்லை. முதலில் அம்புலன்ஸுக்கு ஃபோன் செய்தார், றெஜி என்ன எடுத்தார் என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். ஒருக்களித்துப் படுக்கவைத்தார். பிறகுதான் எனக்கு ஃபோன் செய்தார்.

றெஜி பிழைத்தார்.

அடுத்த நாள் காலை ஃபஸீனாவின் அறையில் உட்கார்ந்து, நான் இந்த வேலைக்கு லாயக்கில்லை என்றேன். அவர் றெஜியின் ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்.

"மன்னிப்பு வாங்கிட்டார். நல்லம். அதுக்கு அடுத்த நாள் நாலு மணிக்கு என்ன செய்ற எண்டு நாங்க யாராவது அவருக்குச் சொல்லிக் குடுத்தமா அக்கா?"

இல்லை. ஒரு தாள்கூட எழுதவில்லை. காரணத்தைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில், இரண்டு வருடம் பழகிய உடம்பும் ஒழுங்கையும் அப்படியே இருக்கின்றன என்பதை நான் மறந்துபோனேன்.

வைத்தியசாலைக் கட்டிலில் றெஜி என் முகத்தைப் பார்க்கவில்லை. "கேவலமா இருக்கு மிஸ்" என்றார்.

"இருக்கட்டும். எந்த வளையத்தில அறுத்திருக்கலாம் எண்டு எழுதுவம். பேனை கொண்டுவந்தனான்" என்றேன்.

என் பதினான்கு வருட வேலையில் சரியான நேரத்தில் சரியாகச் சொன்னது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

6. சுவாரசியமில்லாத பகுதி

இதற்குப் பிறகு நடந்ததில் கதை குறைவு. ஆனால் அவரைக் காப்பாற்றியது இந்தப் பகுதிதான்.

கிழமையில் ஒரு நாள் என்னோடு தனி அமர்வு, இரண்டு நாள் குரூப். குரூப்பில் ஒரு மீன் வியாபாரி, ஒரு வங்கி ஊழியர், மலையகத்திலிருந்து வந்து ஹோட்டலில் வேலை செய்த ஒருவர். நாலு மணியானால் இவர்களில் ஒருவருக்கு றெஜி ஃபோன் எடுக்க வேண்டும். கடிதம் கிடைத்து வேலைக்குத் திரும்பியபோது வீட்டுக்குப் போகும் பாதையை மாற்றினோம், பஸ் ஒன்று கூடுதலாக ஏற வேண்டியிருந்தது. ஏக்கம் வந்தால் அதோடு சண்டை போடாமல், மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு அது ஏறுவதையும் இறங்குவதையும் எழுதப் பழக்கினேன். "இருபத்தஞ்சு நிமிசம் மிஸ், அதுக்குமேல நிக்கேல்ல" என்று ஒரு நாள் ஏதோ கண்டுபிடித்தவர் போலச் சொன்னார்.

மெட்டில்டா தினமும் அவருடைய காற்சட்டைப் பையைத் தட்டிப் பார்ப்பார். அதனால் தினமும் சண்டை. இருவரையும் உட்காரவைத்து ஒரு உடன்படிக்கை எழுதினோம். மெட்டில்டா பையைத் தொடக்கூடாது. றெஜி ஒவ்வொரு நாளும் சாப்பாட்டுக்கு முன் அன்றைக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று கேட்காமலே சொல்ல வேண்டும்.

"பொய் சொன்னா எப்பிடித் தெரியும்?" என்றார் மெட்டில்டா.

"தெரியாது. நீங்க தட்டிப் பாத்த காலத்திலயும் தெரிஞ்சதா?"

அவர் பேனையை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

ஆறாம் மாதம் றெஜி தானாகவே கம்பனி எஞ்சினியரிடம் போய் விபத்தின் உண்மையைச் சொன்னார். நான் சொல்லச் சொல்லவில்லை, தடுக்கவுமில்லை. விசாரணை வைத்தார்கள். சுனில் மேல் எழுதியிருந்த குற்றக் குறிப்பைத் திருத்தினார்கள். றெஜியைக் குழி வேலையிலிருந்து எடுத்து வேர்க்ஷொப்பில் போட்டார்கள். பதவி குறைந்தது. அவர் அதை ஏற்றுக்கொண்டார். சனிக்கிழமைகளில் களனிக்குப் போய் சுனிலோடு ஃபேன் திருத்துகிறார்.

இடையில் ஒரு முறை மறுபடியும் வழுக்கினார். அந்த முறை அவரே ஃபோன் எடுத்தார், அதே நாளில். அன்றே வந்து எழுதினோம். அதற்குப் பிறகு இல்லை.

7. ஒன்றும் இல்லாத வியாழக்கிழமை

மூன்றாம் வருடம் ஒரு வியாழக்கிழமை றெஜி வந்து உட்கார்ந்தார். வழக்கம்போல, எப்படிப் போனது என்று கேட்டேன்.

"இண்டைக்குக் கதைக்க ஒண்டும் இல்ல மிஸ்."

அப்படிச் சொல்பவர்கள் பெரும்பாலும் எதையோ மறைப்பார்கள். ஆனால் உண்மையாகவே ஒன்றுமில்லை. மகளை எந்தப் பாடசாலைக்குப் போடுவது என்று கணவன் மனைவிக்குள் வாக்குவாதமாம். வீட்டுக்குக் கிட்ட உள்ள பாடசாலை போதும் என்று மெட்டில்டா சொல்கிறாராம், இவருக்குக் கன்னியாஸ்திரிகள் நடத்தும் பாடசாலைதான் வேண்டுமாம். காலையில் யார் கூட்டிக்கொண்டு போவது என்பதில் வந்து நிற்கிறதாம். முக்கால் மணித்தியாலமும் அதையே கதைத்தோம். மெட்டில்டா சொல்வதுதான் சரி என்று எனக்குப் பட்டது, சொல்லவில்லை.

அவர் போன பிறகு ஃபைலில் என்ன எழுதுவது என்று யோசித்தேன். "பிரச்சினை: மகளின் பாடசாலை" என்று எழுதித் திகதி போட்டேன்.

இப்போது நான் ஓய்வு பெற்று வெள்ளவத்தையில் இருக்கிறேன். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் சில நேரம் என்னிடம் வந்து, சிகிச்சையால் உண்மையில் மாறுகிறார்களா என்று கேட்பார்கள். மாறுகிறார்கள். நான் கண்டிருக்கிறேன். மருந்து உடம்பிலிருந்து விஷத்தை எடுக்கும். அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு நாளையும் எப்படிக் கடப்பது என்று ஒரு மனிதர் பக்கத்தில் இருந்து, அலுக்காமல், அவர் வழுக்கினால் மறுபடியும் பேனையை எடுத்துப் பழக்க வேண்டும். அழுகையும் மன்னிப்பும் வரும்போது வரட்டும், அதை முடிவு என்று நம்பிவிடாதீர்கள். உங்கள் முன்னால் இருப்பவர், எல்லாத் தகப்பன்மாரும் கவலைப்படுகிற ஒரு விஷயத்துக்குக் கவலைப்பட்டு உங்கள் நேரத்தை வீணாக்கும் நாள் வரை வேலையை விடாதீர்கள்.