மைக் கைக்கு வந்த இருபது நிமிடம்

குறிஞ்சிப்பாடி சுற்றுவட்டாரத்தில் எங்கே கபடிப் போட்டி நடந்தாலும் மைக் பழனிவேல் கையில்தான். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பாயின்ட் எழுதுவது அவர் மச்சான் தங்கராசு. இருவருக்கும் வயது அறுபத்தைந்தை ஒட்டி. பழனிவேல் வாயைத் திறந்தாலே கூட்டம் விசிலடிக்கும். இருபது வருடமாக அந்த விசில் தங்கராசுவின் வயிற்றில் எரிந்துகொண்டிருந்தது.

போன தை மாதப் போட்டியில், "வடலூர் அணி" என்று சொல்ல வந்த பழனிவேலின் நாக்கு குழறியது. கூட்டம் சிரித்தது.

"பெருசு ஊத்திக்கிட்டு வந்துடுச்சுடா!"

பழனிவேல் குடிக்கமாட்டார். அவர் வாயின் வலது ஓரம் இறங்கியிருந்ததையும், வலது கையிலிருந்து மைக் நழுவியதையும் தங்கராசு மட்டும் பார்த்தார். விழாக் கமிட்டிக்காரர்கள் பழனிவேலுக்குச் சோடா கொடுத்துவிட்டு, மைக்கைத் தங்கராசுவிடம் நீட்டினார்கள்.

தங்கராசுவின் மூத்த அக்கா இருசம்மாளுக்கும் இப்படித்தான் வந்தது. பத்து நிமிடத்தில் தெளிந்து, வெயில்தான் காரணம் என்று படுத்தவள், மூன்றாம் நாள் ஒரு பக்கம் கைகால் விழுந்துபோய்ப் படுக்கையானாள். தங்கராசுவுக்கு எல்லாம் தெரியும். தெரிந்தும் மைக்கை வாங்கினார்.

பேசினார். அவருக்கும் விசில் வந்தது! உடம்பெல்லாம் புல்லரித்தது. திரும்பிப் பார்த்தால், பழனிவேல் தேறி போண்டா தின்றுகொண்டிருந்தார். முதல் பாதி முடிவதற்குள் தங்கராசு பேச்சைப் பாதியில் நிறுத்தினார். மைக்கை வைத்துவிட்டு எழுந்தார்.

"கெளம்பு மாமா, கடலூர் ஆஸ்பத்திரிக்கு."

"அதான் சரியாயிடுச்சே, மச்சான்?"

"எங்க அக்காளுக்கும் சரியாத்தான் ஆச்சு. எழுந்திரு."

காரில் கூட்டிப்போனார். மருத்துவமனையில் டாக்டரம்மா, "எத்தன மணிக்கு ஆரம்பிச்சுது?" என்று கேட்டார்.

"நாலு நாப்பதுங்க."

"எப்பக் கெளம்புனீங்க?"

"அஞ்சு மணிங்க." தங்கராசு தரையைப் பார்த்தார்.

"இது மினி ஸ்ட்ரோக், சின்ன பக்கவாதம். தானா சரியானாலும் பெருசா ஒண்ணு வரலாம்னு எச்சரிக்கை. வாய் கோணுனா, கை தொவண்டா, பேச்சு கொழறுனா ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்கக் கூடாது, உடனே 108-க்குப் போன் பண்ணணும்."

ஸ்கேன் எடுத்தார்கள். நான்கு நாள் கழித்து, மாத்திரைகளோடு பழனிவேல் நடந்தே வீடு திரும்பினார்.

அடுத்த மாதம் சிதம்பரத்தில் போட்டி. பழனிவேல் மைக்கைப் பிடித்து, "என் உசுர எனக்குத் திருப்பிக் குடுத்த மச்சான் இதோ உக்காந்திருக்காரு!" என்றார். மைதானமே எழுந்து கைதட்டியது. தங்கராசு கும்பிட்டார். கண் கலங்கியது. அப்போதும், இதை இவனைப்போல நம்மால் சொல்லியிருக்க முடியாதே என்று உள்ளே எரிந்தது.