பெயர் தெரியாத களைநாசினி

என் கணவர் வாவிக்கு மேற்கே எங்கள் வயல் வட்டையில் பல வருடங்களாகக் களைநாசினி அடித்தவர். போன வருடம் அவரால் சட்டைப் பொத்தானைப் பூட்ட முடியவில்லை. பிறகு வரம்பில் கால் மடங்கி விழுந்தார். தசைகளை மெல்ல மெல்லச் செயலிழக்கச் செய்யும் நரம்பு நோய் என்றார்கள் ஆஸ்பத்திரியில்.

சில களைநாசினிகளில் உள்ள ஓர் இரசாயனத்துக்கும் இந்நோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்று ஆய்வு சொல்வதாக மகள் செய்தியில் படித்தாள். டொக்டரிடம் கேட்டோம்.

"நிச்சயமாச் சொல்ல ஏலாது. நீங்க என்ன மருந்து அடிச்சனீங்க?" என்றார்.

"கடையில சோடாப் போத்தல்ல ஊத்தித் தந்தது, சேர். புல்லுச் செத்தாச் சரி எண்டு அடிச்சன்," என்றார் இவர்.

கடைக்காரரிடம் போய்க் கேட்டேன். "அதெல்லாம் ஆருக்குத் தங்கச்சி ஞாபகம்?" என்று அடுத்தவரைக் கவனிக்கப் போய்விட்டார். ஆத்திரத்தில் எனக்கு அழுகை வந்தது. பெயரைக்கூடக் கேட்காமல் பல தடவை அந்தப் போத்தலை வாங்கி வந்தவள் நான்தான்.

இப்போது தம்பி வயலைப் பார்க்கிறான். மூடி உடைக்காத போத்தலைத்தான் வாங்குகிறேன். லேபலை ஃபோனில் படம் எடுத்து வைத்த பிறகே அவனிடம் கொடுக்கிறேன்.

"இதால அத்தானுக்குச் சுகம் வருமா அக்கா?" என்று சலித்துக்கொண்டான்.

"வராதுடா. நாளைக்கு உன்னட்ட டொக்டர் கேட்டா, சொல்றதுக்கு ஒரு பேராவது இருக்கட்டும்," என்றேன்.

அவன் கையுறையை மாட்டிக்கொண்டான்.