நீல வெளிச்சத்தில் மகன்

எங்கள் முதல் மகன் பிறந்த அன்றே உடம்பெல்லாம் மஞ்சளாகிவிட்டான். ஆபரேஷன் மயக்கத்தில் கிடந்த மனைவியைத் தருமபுரி ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு, அவனைச் சேலத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அங்கே புதிதாக வந்திருந்த நீல விளக்குகளுக்கு அடியில் அவனைப் படுக்கவைத்து, கண் கூசாமலிருக்கத் துணி கட்டினார்கள்.

“வெறும் வெளிச்சம் மஞ்சள எறக்கிடுங்களா?” என்று நர்ஸிடம் கேட்டேன்.

“நெறய கொழந்தைங்க பொழச்சிருக்குதுங்க” என்றார்.

மறுநாள் மதியம் அவன் மூச்சு நின்றுவிட்டது. நர்ஸ் கண்கட்டை அவிழ்த்து அவனை என் கையில் கொடுத்தபோதுதான், தூக்கிக்கொண்டு ஓடிய பதற்றத்தில் சரியாகப் பார்க்காத அவன் முகத்தை முழுதாகப் பார்த்தேன். சேலத்திலேயே அடக்கம் செய்துவிட்டுத் திரும்பினேன்.

என் வெறுங்கையைப் பார்த்ததுமே மனைவிக்குப் புரிந்துவிட்டது. அழுது ஓய்ந்த பிறகு, “நான் பாக்கவே இல்லீங்களே. யாராட்டம் இருந்தானுங்க?” என்றாள்.

“உன்னாட்டமேதான்” என்றேன்.

அவள் தன் கன்னத்தை மெல்லத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.