சண்டைக்காரிக்கு நான் சடை தைப்பதில்லை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. வண்டியூரில் நன்றாக இருக்கிறாள். போன வாரம்கூட போன் போட்டு என்னைக் கிண்டல் செய்தாள். இதைச் சொல்லாமல் ஆரம்பித்தால், எழுதுகிற எனக்கே நெஞ்சு படபடக்கும்.

நான் ஹேர் டிரஸ்ஸர். ஷூட்டிங் வேலைக்கு வருமுன் திருநகரில் பார்லர் வைத்து இருபது வருடம் கல்யாணப் பெண்களுக்குச் சடை பின்னினேன். இப்போது மதுரையைச் சுற்றி எங்கே படப்பிடிப்பு நடந்தாலும் கூப்பிடுகிறார்கள். தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள், "ஃபைட்டுக்கு எப்புடிக்கா சடை போடுறது?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்குத்தான் இது.

1. சடைக்கு ஒரு சண்டை

என்னுடைய முதல் ஃபைட் சீன் ஒரு வெப் சீரிஸில். கொட்டாம்பட்டிப் பக்கம் மூடிக்கிடந்த அரிசி மில்லில் ஷூட்டிங். கதையில் அந்த மில் கதாநாயகியுடையது. அதைப் பிடுங்க வருகிற பத்துப் பேரை அவள் ஒருத்தியாக அடித்துத் துவைக்க வேண்டும்.

நான் டைரக்டரிடம் நேராகவே கேட்டேன். "தம்பி, அடிதடிக்குப் போற பொம்பள எவளாச்சும் சடையத் தொங்கவிட்டுப் போவாளா? எதிராளி கையில நாமளே கயிறக் குடுத்த மாதிரில்ல இருக்கு. இறுக்கி ஒரு கொண்டை போட்டுவிடுறேன்."

"அக்கா, கொண்டை போட்டா அவ சுத்துறதே தெரியல. சடை இருந்தாத்தான் வீச்சு தெரியும். முழங்கால் வரைக்கும் வேணும். நுனியில பித்தளைக் குஞ்சலம் கட்டுங்க."

"குஞ்சலமா? யாரு கண்ணுலயாச்சும் பட்டுச்சுன்னா?"

"படட்டும்க்கா. நல்லாருக்கும்."

அன்று காலையிலேயே பட்டது. ஆறடி வில்லன் ஒருவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "நான் அருவாளுக்கே பயப்படாதவன்ண்ணே, சடையில அடிவாங்கிட்டேன்னு வெளிய சொல்லிராதீங்க" என்று ஸ்டண்ட் மாஸ்டரிடம் கெஞ்சினார். யூனிட்டே சிரித்தது.

ஆனால் மானிட்டரில் பார்த்தபோது டைரக்டர் சொன்னது சரியென்றுதான் பட்டது. கதாநாயகி திரும்பி நின்ற பிறகும் சடை சுழன்று வந்து தோளில் அறைகிறது. கோபம் அவளுக்கா சடைக்கா என்று தெரியவில்லை. படம் பார்ப்பவர்கள் அதைத்தான் கேட்கிறார்கள். நான் சொன்னதுதான் தப்பு என்று டைரக்டரிடம் ஒத்துக்கொண்டேன். அது அடிக்கடி நடக்கிற காரியமில்லை.

2. இருபது வருடக் கைப்பழக்கம்

மேல்தளத்திலிருந்து கதாநாயகி கீழே குதிக்கிற ஷாட் மதியத்துக்கு இருந்தது. அதற்கு டூப் போட வந்தவள்தான் மீனா. வண்டியூர்ப் பெண், சிலம்பம் ஆடுகிறவள், தோள் வரைதான் முடி. மிச்ச நீளத்துக்குச் சவுரி வைக்க வேண்டும்.

சவுரி வைப்பதில் எனக்குத் திமிர் உண்டு. நாங்கள் முகூர்த்தச் சடைக்குச் சவுரியை வெறுமனே பின்னி விடமாட்டோம். பெண்ணின் சொந்த முடியோடு சேர்த்துக் கறுப்பு நூலால் தைத்துவிடுவோம். மணமேடையில் யார் இழுத்தாலும், யார் மிதித்தாலும் வராது. நூல் கோத்த ஊசி எப்போதும் என் ரவிக்கைத் தோளில் குத்தியிருக்கும். இருபது வருடத்தில் நான் போட்ட சடை ஒன்றுகூடக் கழன்றதில்லை.

மீனாவுக்கும் அப்படித்தான் தைத்தேன். அவள் தலையை ஆட்டிப் பார்த்துவிட்டு, "இது இழுத்தா வராதாக்கா?" என்றாள்.

"நீயே தொங்கினாலும் வராது" என்றேன் பெருமையாக.

"அதான்க்கா பயமா இருக்கு. எங்கயாச்சும் மாட்டுச்சுன்னா கழண்டுரணும்ல?"

எனக்குச் சுருக்கென்று வந்தது. "கழண்டு விழுந்தா ஷாட்டும் போச்சு, எம் பேரும் போச்சு. ஒன் வேலையப் பாரு பிள்ள."

அவள் கோபப்படவில்லை. எழுந்து என் பின்னால் வந்து, "ஒருக்கா இழுக்கவா?" என்றாள். நான் சரி என்பதற்குள் என் சடையைப் பிடித்து ஒரு இழு இழுத்தாள். மெதுவாகத்தான். ஆனாலும் எனக்குக் கண்ணில் பூச்சி பறந்தது. கழுத்து இரண்டு நாள் வலித்தது.

"இதுக்கே இம்புட்டுக் கத்துறீங்க. நான் பதினஞ்சடியில இருந்து வாரேன்க்கா."

தையலைப் பிரித்தேன். மெல்லிய ரப்பர் பேண்டில் சவுரியை மாட்டினேன். பலமாக இழுத்தால் அறுந்துவிடும். டைரக்டரிடம் சொல்லவில்லை, சொன்னால் ஒத்துக்கொள்ளமாட்டார். சாப்பிட்டு வந்ததும் மேக்கப் நாற்காலியில் அவள் தலையைக் கடைசியாக ஒருமுறை சரிசெய்து அனுப்பிவைத்தேன்.

3. ஊசியில் நூல் இல்லை

மீனா மேலே ஏறினாள். இடுப்பில் ரோப் மாட்டினார்கள். நான்கு பேர் அதைப் பிடித்துக் கீழே விடவேண்டும். புகை போட்டார்கள். ராட்சத ஃபேன் ஓடியது. பக்கத்தில் பேசினால்கூடக் கேட்காது.

"ஆக்‌ஷன்!"

எனக்கு ஒரு வழக்கம், பதற்றம் வந்தால் தோளில் இருக்கும் ஊசியைத் தடவுவேன். தடவினேன். நூல் கையில் படவில்லை. குனிந்து பார்த்தேன். தையலைப் பிரித்த பிறகு புதிதாக ஒரு முழம் கோத்துவைத்திருந்தேன். விரற்கடைதான் மிச்சம் இருந்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு சரிசெய்யும்போது, ரப்பர் பேண்டின் மேலேயே தைத்திருக்கிறேன். நினைத்துச் செய்யவில்லை. சடையை முடித்தால் தைக்க வேண்டும் என்று கை தானாகச் செய்திருக்கிறது.

"நிறுத்துங்கப்பா! ஏய், நிறுத்துங்க!" கத்திக்கொண்டு ஓடினேன். ஃபேன் சத்தத்தில் ஒருவர்கூடத் திரும்பவில்லை.

மீனா குதித்துவிட்டாள். பாதி உயரம் வந்திருப்பாள். பின்னால் பறந்த சடை பழைய இரும்புச் சட்டத்தில் சுற்றி, இரண்டு கம்பிக்கு நடுவில் குஞ்சலம் சிக்கிக்கொண்டது. ரோப் பிடித்தவர்கள் அதைப் பார்க்கவில்லை. கயிற்றை விட்டுக்கொண்டே இருந்தார்கள். அவள் தலை பின்னால் சாய்ந்தது. மாதாவே என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

கண்ணைத் திறந்தபோது மீனா தரையில் நின்றுகொண்டிருந்தாள். மேலே சட்டத்தில் சடை மட்டும் தனியாக ஆடிக்கொண்டிருந்தது.

"கட்! கட்! சடை கழண்டுருச்சு! யாரு ஹேரு?" டைரக்டர் கத்தினார். அதைப்போல இனிமையான திட்டை நான் வாழ்க்கையில் கேட்டதில்லை. மாஸ்டர் மேலே கையைக் காட்டினார். டைரக்டர் பார்த்தார். பிறகு, "கழண்டது நல்லதாப் போச்சு" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப்போய் உட்கார்ந்தார்.

நான் மீனாவின் கழுத்தைத் தடவித் தடவிப் பார்த்தேன். எனக்கு அழுகை நிற்கவில்லை.

"ஒண்ணும் ஆகலக்கா. லேசா வெட்டி இழுத்துச்சு, அம்புட்டுத்தான்."

"ஏத்தா, நான் மறுபடியும் தச்சுட்டேன்டி. அது எப்புடிக் கழண்டுச்சு?"

அவள் யாருக்கும் கேட்காமல் என் காதருகில் சொன்னாள். "நீங்க தைக்கிறது கண்ணாடியில தெரிஞ்சுச்சு. உங்க பெட்டியில இருந்த கத்தரிய எடுத்துட்டுப் போயி, மாடிப்படிக்குப் பின்னால நின்னு நூல வெட்டிட்டேன்."

"அப்பவே எங்கிட்டச் சொல்லவேண்டியதுதான?"

"சொன்னா கோச்சுக்குவீங்கன்னு பயந்துட்டேன்க்கா."

பதினைந்து அடி உயரத்திலிருந்து குதிக்கப் பயப்படாதவள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லத்தான் பயந்திருக்கிறாள். அன்று என் தலை குனிந்ததுபோல வேறு என்றைக்கும் குனிந்ததில்லை.

4. பிள்ளைகளுக்கு

ஃபைட்டுக்குச் சடை போடு, தப்பில்லை. முழங்காலுக்குப் போடு, பாதத்துக்குப் போடு. ஆனால் ஒரு இழுப்பில் கையோடு வந்துவிட வேண்டும். குதிக்கிறவளையே இழுத்துப் பார்க்கச் சொல். அவள் சந்தேகம் கேட்டால் உன் மூஞ்சி மாறக்கூடாது. எனக்கு அன்று மாறியது. அதனால்தான் அவள் படிக்குப் பின்னால் ஒளிந்து நின்று வெட்ட வேண்டியிருந்தது.

கல்யாணப் பெண்களுக்கு இப்போதும் தைக்கிறேன், கழல்வதில்லை. ஆனால் சண்டை போடுகிற பெண் யார் வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தாலும், சீப்பைத் தொடுவதற்கு முன்னால் தோளிலிருந்து ஊசியை எடுத்து அவள் கையில் கொடுத்துவிடுகிறேன். ஷாட் முடிந்து அவள் இரண்டு காலில் நடந்து வந்து கொடுத்தால்தான் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.