சாலிஹின் போட்டும் சுஹறாவின் கிணறும்

சுனாமிக்கு முன்னர் சாலிஹ் வீடியோக் கடை நடத்தியவர். கடலில் கால் நனைத்ததோடு சரி. ஆனால் நிவாரணக்காரர்கள் மீனவர்களைத் தேடி வந்தபோது முதல் ஆளாய்ப் போய் நின்றார். வலை இழுத்தே கை காய்த்தவர்கள் பார்த்துக்கொண்டு நிற்க, இவருக்கு எஞ்சின் பூட்டிய போட் கிடைத்தது. வெட்கம் என்ற ஒன்று அந்த மனிசனுக்கு அன்றும் இருக்கவில்லை என்பது மனைவி சுஹறாவின் தீர்மானம்.

கடலை விட்டுத் தள்ளி, குளத்தோரம் வீடும் கிணறும் கொடுத்தார்கள். போட்டில் கோழி அடை கிடந்தது. யுத்தம் முடிந்து, ஞாயிறுகளில் சனம் குளத்துக்குப் பொழுதுபோக்க வரத் தொடங்கியதும் சாலிஹ் போட்டைக் குளத்தில் இறக்கி, காசுக்குச் சவாரி விட்டு முதலாளியாகிவிட்டார். கறுப்புக் கண்ணாடி என்ன, தோளில் துவாய் என்ன! கிழட்டு எஞ்சின் சீறிப்பாய வேண்டுமென்று பெற்றோலில் ஏதோ மருந்தைப் போத்தல் போத்தலாகக் கலந்தார். எஞ்சின் தின்னாததையெல்லாம் குளத்தில் துப்பியது. பெற்றோல் தாங்கியைக் கழுவிய அழுக்கைக் கிணற்றடியிலேயே ஊற்றினார்.

கிணற்றுத் தண்ணீர் நாறத் தொடங்கியது. சுஹறா சொன்னபோது அவளுடைய மூக்கில்தான் பழுது என்றார். அயலவர்கள் கேட்டபோது பொறாமை என்றார். தேநீர்க் கடையில் உட்கார்ந்து, ஊரிலேயே நல்ல தண்ணீர் தன் கிணற்றில்தான் என்று அளந்துவிட்டார். சுஹறாவோ அடுத்த தெருவிலிருந்து குடத்தில் சுமந்தாள். தனக்காக அவள் கவலைப்படவில்லை. வீடு மகளுக்கு, மாப்பிள்ளை அங்கேயே வந்து குடியிருப்பார் என்பது அந்தப் பக்கத்து வழக்கம். மகள் பஸ்னா கலியாணம் முடித்து, பிள்ளை குட்டியோடு அந்தக் கிணற்றை நம்பித்தான் வாழவேண்டும். அதைச் சொல்லி மன்றாடியும் பார்த்தாள். அவர் எஞ்சினைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கலியாணத்தன்று விடியுமுன் தண்ணீர் ஏற்றிய பவுசர் வண்டி ஒன்று வந்து நின்றது. பிரியாணி ஆக்கவும் குடிக்கவும் தண்ணீர். சாலிஹ்தான் கொண்டுவந்திருந்தார். சுஹறா பவுசரையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்படியென்றால் இந்த மனிசனின் மூக்கு இத்தனை நாளும் நன்றாகத்தான் வேலை செய்திருக்கிறது!

ஆனால் அந்தப் பெரிய மூளைக்கு ஒன்று தோன்றவில்லை. சஹன் என்ற பெருந்தட்டைச் சுற்றியிருந்து ஒன்றாகக் கையால் சாப்பிடுகிறவர்கள் முதலில் கை கழுவுவார்கள். வேலைக்கு நின்றவர்கள் கிணற்றில் அள்ளிய தண்ணீரை எல்லோருக்கும் ஊற்றிவிட்டார்கள். ஆறு பேருக்கொரு சஹனாக இறக்கினார்கள். முதல் பிடி வாய்க்குப் போகுமுன்னே பந்தல் முழுவதும் கைகள் நின்றுவிட்டன. மாப்பிள்ளையின் தகப்பன் முகைதீன்பாவா, சம்மாந்துறைக்காரர், விரல்களை முகர்ந்து பார்த்துவிட்டு இது என்ன தண்ணீர் என்று கேட்டார்.

சாலிஹ் பதறிப்போனார். “பயப்படாதீங்க மச்சான், சாப்பாடு பவுசர் தண்ணியிலதான் ஆக்கின. கை கழுவினதுதான் எங்கட கெணத்துத் தண்ணி.”

“அப்ப எண்ட மகன் இந்த ஊட்டுல எந்தத் தண்ணியக் குடிக்கிற?”

திரைக்குப் பின்னால் பெண்களோடு நின்ற சுஹறா எல்லாவற்றையும் கேட்டாள். அதற்கு மேல் அவளுக்குப் பொறுக்கவில்லை. நேரே கிணற்றடிக்குப் போய் ஒரு கிளாஸ் தண்ணீர் அள்ளி வந்து, சபையின் நடுவே புருசனின் முன்னால் வைத்தாள்.

“குடிங்க. நல்ல தண்ணியெண்டு ஊரெல்லாம் கதைச்சீங்கதானே.”

சாலிஹ் கிளாஸைப் பார்த்தார், சனத்தைப் பார்த்தார், பிறகு துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கிளாஸைத் தொடவில்லை.

அன்று மாலை, வழக்கத்துக்கு மாறாக, பஸ்னா மாப்பிள்ளையோடு சம்மாந்துறைக்குப் போனாள். சுஹறாதான் அழுதழுது பெட்டியைக் கட்டிக்கொடுத்தாள். மகளுக்கென்று காத்துவைத்த வீடும் கிணறும் சாலிஹுக்கே மிஞ்சின.